நடந்ததை நடந்தபடி சொல்ல: ஆங்கிலத்தில் இறந்த காலம்

(நமது டிரஸ்டின் கல்விப் பிரிவு நடத்திய பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேசப் போவது இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரே ஒரு விஷயம். நடந்து முடிந்த ஒன்றை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். நம் டிரஸ்ட் ஆபீசுக்கு வரும் காகிதங்களை ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. ஸ்காலர்ஷிப் மனு, வளைகுடா வேலைக்கான பயோடேட்டா, பாஸ்போர்ட் தொலைந்த புகார், பேங்குக்கு எழுதும் கடிதம் எல்லாமே நடந்ததைச் சொல்லும் காகிதங்கள்தாம். பிள்ளை எந்த வருடம் பாஸ் செய்தான், வாப்பா எப்போது மவுத்தானார், எந்தக் கம்பெனியில் எத்தனை வருடம் வேலை பார்த்தார். இவற்றில் ஸ்பெல்லிங் தவறினால் படிப்பவர் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். வினைச்சொல்லின் காலம் தவறினால் விஷயமே வேறாகிவிடும்.

நம் தம்பி ஒருவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக வேலையில் இருந்தார். அங்கே இருந்துகொண்டே வேறு நல்ல இடம் தேடினார். பயோடேட்டாவில் "ஐ ஒர்க்டு ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதி, கம்பெனியின் பெயரைப் போட்டு அனுப்பினார். வாசித்தவர் என்ன புரிந்துகொண்டார்? இவர் ஆறு வருடம் அங்கே இருந்தார், இப்போது இல்லை. போனில் இன்டர்வியூ. "எப்போது வேலையை விட்டீர்கள்? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? ரிலீவிங் லெட்டர் இருக்கிறதா?" என்று கேள்வி மேல் கேள்வி. தம்பிக்கோ எதற்கு இப்படிக் கேட்கிறார்கள் என்றே விளங்கவில்லை. அந்தக் கம்பெனி கொடுத்த ரூமில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறார்! அந்த வேலை வேறொருவருக்குப் போனது. இந்த ஒரு வரியால்தான் போனது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் தன் திறமையைச் சொல்ல வேண்டிய நேரமெல்லாம் இதை விளக்குவதிலேயே கழிந்துவிட்டது.

"ஐ ஹேவ் ஒர்க்டு ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றோ, "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்" என்றோ எழுதியிருந்தால் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பது விளங்கியிருக்கும். நம்மில் பலர் இதை "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்போம். ஏன் அப்படி வருகிறது? தமிழில் "ஆறு வருஷமா வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். தமிழில் அது சரியே. இங்கிலீஷில், முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஹேவ்' வேண்டும். கூடவே, 'சின்ஸ்' என்றால் தொடங்கிய நாளைச் சொல்ல வேண்டும்: சின்ஸ் 2018. எவ்வளவு காலம் என்று அளவு சொன்னால் 'ஃபார்'.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் பிள்ளைகள் செய்யும் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல. நல்ல தமிழை அப்படியே இங்கிலீஷில் இறக்குவதால் வருபவை. நம்மிடம் "போனேன்", "போயிருக்கிறேன்", "போயிருந்தேன்" என்று மூன்று இருக்கின்றன. இங்கிலீஷிலும் "வென்ட்", "ஹேவ் கான்", "ஹேட் கான்" என்று மூன்று. ஒன்றுக்கு ஒன்று ஜோடி என்று மனம் தானாக முடிவு செய்துவிடுகிறது. ஆனால் அவை சரியான ஜோடிகள் இல்லை.

"நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்" என்கிறோம். போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன் என்று பொருள். அதை அப்படியே "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை" என்று சொன்னால், கேட்கும் இங்கிலீஷ்காரர் மீதிக் கதைக்காகக் காத்திருப்பார். நீங்கள் போன பிறகு என்ன நடந்தது? யாராவது வந்தார்களா? அவர்கள் மொழியில் 'ஹேட்' தனியாக வராது. கடந்துபோன இரண்டு சம்பவங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அது வரும். மதுரைக்குப் போய் வந்த ஒற்றைச் சம்பவத்துக்கு "ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே" போதும்.

'ஹேட்' தேவைப்படும் இடத்தைப் பாருங்கள். "வென் வி ரீச்டு தி ஏர்போர்ட், தி ஃப்ளைட் ஹேட் லெஃப்ட்." நாங்கள் போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. 'ஹேட்' இல்லாமல் "தி ஃப்ளைட் லெஃப்ட்" என்றால், நாங்கள் சேர்ந்தோம், விமானம் கிளம்பியது என்றாகிறது. ஒரு சின்னச் சொல், டிக்கெட் பணம் போனதா இல்லையா என்பதே மாறிவிடுகிறது.

"நேத்து ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்பது இன்னொன்று. காலையில் வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து இப்படிச் சொல்வோம். நாம் கண்ணால் பார்க்கவில்லை, அடையாளத்தை வைத்துச் சொல்கிறோம் என்பதை அந்த 'இருக்கு' காட்டும். இங்கிலீஷின் 'ஹேஸ்' இந்த வேலையைச் செய்யாது. "இட் ஹேஸ் ரெயின்டு லாஸ்ட் நைட்" தவறு. 'லாஸ்ட் நைட்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்ன உடனே 'ஹேஸ்' வெளியேற வேண்டும். "இட் ரெயின்டு லாஸ்ட் நைட்." எஸ்டர்டே, லாஸ்ட் இயர், டூ டேஸ் அகோ, இன் 2019 போல முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் எது வந்தாலும் இதே கதைதான்.

ஸ்காலர்ஷிப் மனுக்களில் நாம் அடிக்கடி பார்க்கும் வரி: "மை ஃபாதர் ஹேஸ் எக்ஸ்பயர்டு இன் 2021." வருடம் சொல்லியாகிவிட்டது, எனவே 'ஹேஸ்' கூடாது. "மை ஃபாதர் டைடு இன் 2021" அல்லது "பாஸ்டு அவே இன் 2021". அந்த 'எக்ஸ்பயர்டு' என்ற சொல்லையும் விட்டுவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பாஸ்போர்ட் எக்ஸ்பயர் ஆகும், மாத்திரை எக்ஸ்பயர் ஆகும். பெற்ற தகப்பனுக்கு அந்தச் சொல் எதற்கு?

சபர் போனவர்கள் இருக்கும் நம் வீடுகளுக்கு மிகவும் தேவையான ஒன்று உண்டு. "வாப்பா சவூதி போயிருக்கார்" என்று பிள்ளை சொல்கிறது. இப்போது அங்கே இருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வாழ்க்கையில் ஒரு தடவை போய் வந்திருக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் பேச்சை வைத்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷ் இதை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. "ஹி ஹேஸ் கான் டு சவூதி" என்றால் போனவர் இன்னும் வரவில்லை. "ஹி ஹேஸ் பீன் டு சவூதி" என்றால் போய்த் திரும்பிவிட்டார். ஸ்கூலில் ஒரு பிள்ளையின் வாப்பா ஊரில் இருக்கும்போது 'கான்' என்று எழுதிக் கொடுத்தால், டீச்சர் கையெழுத்துக்கு உம்மாவைத்தான் வரச் சொல்வார்!

இந்த 'ஹேவ் பீன்' கேள்வியாக வரும்போது இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், நீங்கள் முன்பு அந்த நாட்டில் இருந்திருக்கிறீர்களா, விசா எப்போதாவது மறுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விகள் 'ஹேவ் யூ எவர்' என்று தொடங்குகின்றன. அந்த 'எவர்' என்ற சொல்லுக்குப் பிறந்த நாள் முதல் இன்று வரை என்று பொருள். போன வருடமா, பத்து வருடத்துக்கு முன்பா, பழைய பாஸ்போர்ட்டிலா, புதிய பாஸ்போர்ட்டிலா என்ற பேச்சே இல்லை. சிலர் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு 'நோ' என்று போட்டுவிடுகிறார்கள். அவர் மனதில் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் பழைய பதிவு இருக்கும், அவர்கள் பார்வையில் அது உண்மையை மறைத்ததாகிவிடும். டிராவல்ஸ் ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்தாலும், கையெழுத்து உங்களுடையது. கேள்வியை அவர் தமிழில் சொல்லும்போது "எப்போதாவது" என்ற சொல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு வரிகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். "ஐ பெய்டு தி ஃபீஸ் ஆன் 5 ஜூன். ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு தி ரெசீப்ட்." பணம் கட்டியது முடிந்துபோன விஷயம், தேதி இருக்கிறது, எனவே 'பெய்டு'. ரசீது இன்றுவரை வரவில்லை, அந்தப் பிரச்சினை இன்னும் திறந்தே இருக்கிறது, எனவே 'ஹேவ் நாட் ரிசீவ்டு'. புகார்க் கடிதம் என்றாலே இந்த இரண்டும்தான்: அன்று என்ன நடந்தது, இன்று எதற்காகக் காத்திருக்கிறேன். பாஸ்போர்ட் தொலைந்தாலும் அதே அச்சு. "ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட் ஆன் 12 மார்ச். ஐ ஹேவ் நாட் ஃபவுண்டு இட்." இதை "ஐ ஹேட் லாஸ்ட் மை பாஸ்போர்ட்" என்று எழுதினால், தொலைத்திருந்தேன், பிறகு கிடைத்துவிட்டது என்று வாசிக்கவும் இடம் உண்டு. கிடைத்த பாஸ்போர்ட்டுக்கு யார் புதிது தருவார்கள்?

மதரஸாவில் ஸர்ஃபு படிக்கும் பிள்ளைகள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. மாளீ முத்லக், மாளீ கரீப், மாளீ பயீத் என்று ஓதியிருக்கிறீர்கள். 'ஃபஅல' என்றால் செய்தான். முன்னால் 'கத்' சேர்ந்தால் கரீப், சமீபத்தில் நடந்தது. 'கான' சேர்ந்தால் பயீத், அதற்கும் முந்தியது. இங்கிலீஷின் 'டிட்', 'ஹேஸ் டன்', 'ஹேட் டன்' மூன்றையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். இகாமத்தில் வரும் அந்த 'கத்' எந்த இடத்தில் வருகிறது? ஸஃப்பில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நடந்ததன் பலன் கண் முன்னே இருக்கிறது. 'ஹேஸ்' என்ற சொல்லின் உயிரும் அதுதான். 'கான யஃப்அலு' என்றால் வழக்கமாகச் செய்துகொண்டிருந்தான். அதற்கு 'யூஸ்டு டு' இருக்கிறது. எல்லா இடத்திலும் அச்சு மாறாமல் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் அரபியில் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்ட பிள்ளை இங்கிலீஷில் பயப்படக் காரணமே இல்லை.

ஓரிடத்தில் தமிழே நமக்கு உதவுகிறது. "ஐ டிட் நாட் வென்ட்" என்று எழுதும் பிள்ளைகளிடம் "நான் போகவில்லை" என்று சொல்லச் சொல்லுங்கள். "போனவில்லை" என்று யாராவது சொல்வார்களா? 'போக' என்பதில் இறந்த காலமே இல்லை. இங்கிலீஷிலும் அதே நியாயம்தான். 'டிட்' இறந்த காலத்தைச் சுமந்துகொண்டது, எனவே 'கோ' வெறுமனே நிற்கிறது. "ஐ டிட் நாட் கோ." கேள்விக்கும் அப்படியே: "டிட் யூ கோ?"

போனில் அமெரிக்கப் படங்கள் பார்க்கும் பிள்ளைகள், "அவர்கள் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்றுதானே சொல்கிறார்கள், நீங்கள் 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்கிறீர்களே" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அமெரிக்கப் பேச்சில் அது சரிதான். நம் ஸ்கூல் பரீட்சையில் பிரிட்டிஷ் முறையை எழுதுங்கள். இதற்கு மேல் சண்டை வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டி ஒப்பிக்கச் சொல்வதால் பயன் இல்லை என்பதே நாங்கள் கண்டது. அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளை, "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டால் திணறுகிறது. முப்பது நாளில் ஸ்பீக்கிங் என்று விளம்பரம் செய்யும் இடத்தில் கட்டும் பணத்துக்குப் பதிலாக, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கொடுங்கள். உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. இன்று ஸ்கூலில் நடந்ததை மூன்று வரியில் பிள்ளை எழுதட்டும், பிறகு வாசித்துத் தமிழில் பொருள் சொல்லட்டும். "இது முடிந்துபோனதா, இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே, எந்த இடத்தில் 'ஹேவ்' வேண்டும் என்று பிள்ளைக்குத் தானாகப் பிடிபடும்.

இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை தோறும் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் ஹாலில் இதற்கான வகுப்பு நடக்கும். கட்டணம் இல்லை. புத்தகம் வாங்க வேண்டாம். வேலைக்கு அனுப்ப வைத்திருக்கும் பயோடேட்டா, நிரப்பாத படிவம், பேங்குக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருக்கும் கடிதம், எது கையில் இருக்கிறதோ அதையே கொண்டு வாருங்கள். அதை வைத்தே பாடம். சகோதரிகளுக்குத் தனியாக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அனுப்ப வேண்டிய கடைசித் தேதி நெருங்கிய காகிதம் இருந்தால், சனிக்கிழமைக்குக் காத்திராமல் மஃரிபுக்குப் பிறகு ஆபீசுக்கு வாருங்கள், பார்த்துக் கொடுக்கிறோம்.

வஸ்ஸலாம்.