இரஞ்சன்குடியும் குடிமைப் பாடமும்



பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியினின்று சென்னை செல்லும் பெருவழியருகே, இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. 1751ஆம் ஆண்டில் இரண்டு படைகள் இப்பக்கம் வந்திறங்கின. சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர். முகமதலிக்குப் பின்னால் ஆங்கிலேயர். கோட்டைக்குரியவனோ எப்பக்கம் சாய்ந்தால் தனக்கு ஊதியம் என்று காலங்கடத்திக் கொண்டிருந்தான். வரி கொடுத்தவனும் காட்டை உழுதவனுமாகிய இவ்வூர்க் குடியானவனை ஒருவரும் ஒரு சொல் கேட்டாரில்லை.

அவன் வழிவந்த மகனும் மகளும் இன்று பள்ளியில் குடிமையியல் படிக்கின்றனர். பழைய நூல்களில் இவர்கள் 'பிரசை'கள்; ஆட்சி 'சனநாயகம்'; தேர்தலில் நின்றவர் 'அபேட்சகர்'; அவைத்தலைவர் 'அக்கிராசனர்'. பிரசை என்பது ஆளப்படுவோனைக் குறிக்க வழங்கிய சொல். குடி என்பதோ ஊரையும் அதில் வாழ்வாரையும் ஒருங்கே குறிப்பது. இவ்வூர்ப் பெயரின் ஈற்றிலேயே அது நிற்கின்றது. குடிமகன், மக்களாட்சி, வேட்பாளர் என நூல்கள் திருந்தியது தமிழறிஞர் பலரின் நெடுமுயற்சியால். ஆயினும் 'கிராம சபை' மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றது. 'ஊரவை' என்றால் எந்த உழவனுக்கு விளங்காது?

பாடநூலில் குடவோலை உண்டு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) 30 குடும்புகளைக் கூறுவதையும், கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரையும் பொறுப்பினின்று விலக்கியதையும் மாணவர் நெட்டுருவாக ஒப்பிப்பர். அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம்; நிலமில்லாதவர்க்கும் மறை கல்லாதவர்க்கும் ஆங்கே இடமில்லை. இதனை எத்தனை வகுப்புகளில் சொல்கின்றனர்? பெருமையை உரக்கச் சொல்லிக் குறையை விழுங்குவது குடிமைக் கல்வியாகாது. குடத்துள் கைவிட்டு ஓலையை எடுத்தவன் ஒன்றுமறியாச் சிறுவன். சூது நேராதிருக்க அறியாமையே அவனுக்குத் தகுதியாயிற்று. இன்றைய சிறுவனோ 18 அகவை நிரம்பியதும் தானே ஒப்போலை இட வேண்டியவன். 1989க்கு முன்னர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் அறியாதவனாகவே வளர்ந்துவிட்டால் யாருடைய கை அவன் கையைப் பிடித்து இயக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊரவை கூடுகின்றது. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 என்னும் நான்கு நாள்களோடு, 2022இல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. வரவு செலவு அங்குப் படிக்கப்படும். 501 முதல் 3000 மக்கள் வரையுள்ள ஊராயின் 100 பேராவது வரவேண்டும். வருகையேடு கூட்டத்தைவிட்டு வீடுகளைத் தேடிச் செல்லும் ஊர்களும் உண்டு!

இவற்றுள் இரு நாள்கள் பள்ளியில் கொடியேற்றும் நாள்கள். பிள்ளைகள் கொடி வணங்கி, இனிப்புப் பெற்று, வீடு திரும்புவர். சற்றுத் தொலைவில் அதே நாளில் அவர்தம் குடிநீர்த் தொட்டி பற்றியும் தெருவிளக்கு பற்றியும் பேச்சு நடக்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஆசிரியர் அங்கு அழைத்துச் சென்று பின்வரிசையில் அமர்த்தினால் யார் தடுப்பார்? கை தூக்க அகவையில்லை, கேட்கக் காதுண்டு. மறுநாள், ஊராட்சியின் பணிகள் யாவை என்னும் வினாவுக்கு எழுதும் விடையில், நூலில் இல்லாத ஒரு வரியாவது இருக்கும். சென்ற முறை முடிவு செய்த கழிவுநீர்க் கால்வாய் ஏன் இன்னும் கட்டப்படவில்லை என்று ஒரு மகள் தந்தையைக் கேட்பாள். தந்தை மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு நடப்பார்.