வண்டி நின்றது, பயணம் நிற்கவில்லை

நெடுந்தூரப் பயணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் பழுதாகி நின்றால், பயணமே பாழாகிவிட்டதாகப் பலர் கலங்குவதுண்டு. அது சரிதானா?

1952 ஜனவரியில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரிலிருந்து இரு நண்பர்கள் புறப்பட்டார்கள். ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர் எர்னெஸ்டோ குவேரா. பின்னாளில் 'சே' என்று உலகம் அறிந்தவர். மற்றவர் 29 வயது உயிர்வேதியியலாளர் ஆல்பர்டோ கிரனாடோ. அவர்கள் ஏறிச் சென்றது 1939ஆம் ஆண்டின் 500 சிசி நார்ட்டன் வண்டி. 'வல்லமை மிக்கவள்' என்பது அதன் பெயரின் பொருள்.

பெயரில் இருந்த வல்லமை வண்டியில் இல்லை. பாரம் அதிகம், சாலையோ கரடுமுரடு. பலமுறை சறுக்கி விழுந்தது. உடைந்ததைக் கம்பியால் கட்டி ஓட்டினார்கள். சிலி நாட்டில் கியர்பெட்டி உடைந்தது. இறக்கத்தில் பிரேக்கும் கைவிட்டது. கடைசியில் லாரியில் ஏற்றிச் சாந்தியாகோ வரை கொண்டுபோய், அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பயணத்தை விடவில்லை. நடந்தார்கள், லாரிக்காரர்களிடம் இடம் கேட்டுச் சென்றார்கள். சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கத்துக்குப் போகும் வழியில், வேலை தேடி அலைந்த ஏழைத் தம்பதிக்குத் தங்கள் போர்வையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கினார்கள். பெரு நாட்டின் சான் பாப்லோவில் தொழுநோயாளிகளோடு பழகினார்கள். வண்டியில் விரைந்தபோது சாலையைப் பார்த்தவர்கள், இறங்கிய பிறகு மக்களைப் பார்த்தார்கள்.

பழுது பார்க்கத் தெரிவது திறமை. எதுவரை பழுது பார்ப்பது, எப்போது இறங்கி நடப்பது என்று தெரிவதே அறிவு. பிரேக் பிடிக்காத வண்டியைப் பாசத்துக்காக ஓட்டக் கூடாது. போய்ச் சேர வேண்டியது வண்டியல்ல, மனிதன்!