ஏட்டுக்குள் இடம் பிடித்த மக்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் அமெரிக்க இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டில் அந்த அடிமைகளின் வழிவந்த டோனி மோரிசன் என்னும் பெண்மணி இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். இடைப்பட்டவை 128 ஆண்டுகள். இந்த நெடும்பயணத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பகுதியை மட்டும் இன்று எடுத்துக் கொள்வோம். போரும், சட்டமும், பாட்டும், படக்காட்சியும், பாடநூலும் சேர்ந்து கறுப்பின மக்களின் எழுத்தை எவ்வாறு உருவாக்கின என்று காண்போம்.

முதலில் ஒரு நூலகத்தின் வாயிலில் நிற்போம். ரிச்சர்டு ரைட் 1908ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பிழைப்புக்காக மெம்பிஸ் நகருக்குச் சென்றார். அந்நகரின் பொது நூலகம் கறுப்பருக்கு நூல் வழங்குவதில்லை. உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரின் உறுப்பினர் அட்டையை இரவல் பெற்றார். அந்த வெள்ளையரே நூல்களைக் கேட்டு எழுதியது போல் தாமே சீட்டு எழுதிக் கொண்டு, வேலையாளாக உள்ளே சென்று நூல்களை வாங்கி வந்தார். இதனை 1945ஆம் ஆண்டில் வெளியான ‘பிளாக் பாய்’ என்னும் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அதற்கு ஐந்தாண்டு முன்னர் வந்த அவருடைய ‘நேட்டிவ் சன்’ நாவல் மூன்று வாரங்களில் 2 லட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. நூலகத்துக்குள் தன் பெயரால் நுழைய முடியாத ஒருவரின் பெயரை, நாட்டின் நூலகங்கள் அலமாரியில் அடுக்கும் நிலை வந்தது.

அடுத்து, போரைக் காண்போம். இரண்டாம் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் அமெரிக்கப் படைகளில் பணியாற்றினர். இன வெறியை எதிர்த்துப் போரிடச் சென்ற அப்படையிலேயே அவர்களுக்குத் தனிப் பிரிவு, தனிக் கூடாரம், தனி உணவு வரிசை. ‘வெளியே ஒரு வெற்றி, வீட்டிலே ஒரு வெற்றி’ என்னும் இரட்டை வெற்றி இயக்கத்தை 1942ஆம் ஆண்டிலேயே கறுப்பர் வார ஏடு ஒன்று தொடங்கிற்று. படையில் இனப்பிரிவினையை நீக்கும் ஆணையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1948ஆம் ஆண்டில் பிறப்பித்தார். போர்முனையில் தாம் கண்டதை ஜான் ஆலிவர் கில்லன்ஸ் 1962ஆம் ஆண்டில் நாவலாக்கினார்.

போர் முடியுமுன்பே, 1944ஆம் ஆண்டில், திரும்பி வரும் வீரர்களுக்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கல்லூரிக் கட்டணம், படிக்குங்கால் உதவித்தொகை, வீடு கட்டக் கடன் ஆகியவற்றை அது வழங்கிற்று. ஏறக்குறைய 22 லட்சம் வீரர்கள் இதன் துணையால் கல்லூரிகளில் பயின்றனர். ‘கேட்ச்-22’ நாவலை 1961ஆம் ஆண்டில் எழுதிய ஜோசப் ஹெல்லர் அவர்களுள் ஒருவர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் எழுத்தாளர்களாவதற்கு அச்சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலர்களிடமும் வங்கிகளிடமும் இருந்தது. 1947ஆம் ஆண்டில் மிசிசிப்பியின் 13 நகரங்களில் நடந்த ஒரு கணக்கெடுப்பு இதன் விளைவைக் காட்டுகிறது. வழங்கப்பட்ட 3,200க்கும் மேற்பட்ட கடன்களுள் கறுப்பருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு! சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறதா என்று கண்காணிக்கச் சங்கம் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

போர் இன்னொன்றும் செய்தது. வீரர்களின் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் நூல்களை அச்சிட்டு, 1943 முதல் 1947 வரை 12 கோடிக்கும் மேற்பட்ட படிகள் இலவசமாக வழங்கப்பட்டன. அதுவரை நூலையே தொடாதிருந்த பலர் பதுங்குகுழியில் படிக்கப் பழகினர். போருக்குப் பின் 25 காசு விலையில் மலிவுப் பதிப்புகள் மருந்துக் கடையிலும் ரயில் நிலையத்திலும் விற்றன. செல்வர் வீட்டுக் கண்ணாடிப் பேழையை விட்டு இலக்கியம் தெருவுக்கு இறங்கி வந்தது.

தெருவிலோ மக்களே இடம் மாறிக் கொண்டிருந்தனர். 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பர்கள் தெற்கின் பருத்திக் காடுகளை விட்டு, சிகாகோ, நியூயார்க், டிட்ராய்ட் முதலிய நகரங்களுக்குச் சென்றனர். ஊர்க் கொடுமையிலிருந்து விடுதலை கிடைத்தது; நகரத்தின் ஒற்றை அறைக் குடியிருப்புகள் காத்திருந்தன. சிகாகோவின் அந்தத் தெருக்களைப் பாடிய குவெண்டலின் புரூக்ஸ் 1950ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. லொரெய்ன் ஹான்ஸ்பெரி என்னும் இளம்பெண்ணின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகம் 1959ஆம் ஆண்டில் பிராட்வே அரங்கேறியது. தந்தையின் ஆயுள் காப்பீட்டுத் தொகையான 10,000 டாலரைக் கொண்டு வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்க முனையும் குடும்பத்தின் கதை அது. ஆசிரியையின் தந்தையார் அவ்வாறு வீடு வாங்கி, 1940ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியவர் என்பதை நினைவிற் கொள்க.

இனிப் பாட்டிற்கு வருவோம். அடிமைகள் வயலில் பாடிய பாட்டும், கோயிலில் பாடிய துதியும் நகரத்திற்கு வந்து புளூஸ் ஆயின; ஜாஸ் ஆயின. இசைத்தட்டும் வானொலியும் அவற்றை நாடெங்கும் பரப்பின. பேருந்தில் உடன் அமர மறுத்த வெள்ளையர் வீட்டுக் கூடத்திலும் கறுப்பரின் குரல் ஒலித்தது. ரால்ஃப் எல்லிசன் இசைக் கல்விக்காகக் கல்லூரி சென்றவர், எக்காளம் ஊதியவர். 1952ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘இன்விசிபிள் மேன்’ நாவலின் நாயகன், 1,369 விளக்குகள் எரியும் நிலவறையில் அமர்ந்து லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டைக் கேட்கிறான். எல்லோர் கண் முன்னும் நிற்கும் அவன் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை; பார்க்க மறுப்பவர்களின் உள்ளத்தில் இருக்கிறது அந்தக் குருடு. இந்நாவல் 1953ஆம் ஆண்டில் தேசிய நூல் விருது பெற்றது. ஜாஸ் இசையின் தாளத்தையே தம் உரைநடைக்கு அடிப்படையாகக் கொண்டார் ஜேக் கெரோவாக் என்னும் வெள்ளை எழுத்தாளர். கறுப்பரின் கலை அமெரிக்க இலக்கியம் முழுமைக்கும் ஊட்டமளித்தது என்பதில் ஐயமில்லை.

படங்களும் தம் பங்கைச் செய்தன. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீடு சென்ற எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். அவனுடைய தாயார் சவப்பெட்டியை மூட மறுத்தார். தம் மகனுக்கு நேர்ந்ததை உலகம் காணட்டும் என்றார். ‘ஜெட்’ என்னும் கறுப்பர் வார இதழ் அப்படத்தை வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு குற்றவாளிகளை விடுவித்தது. நீதிமன்றம் மூடிய கோப்பை இலக்கியம் மூடவில்லை: புரூக்ஸ் கவிதை எழுதினார், ஜேம்ஸ் பால்ட்வின் 1964ஆம் ஆண்டில் நாடகம் எழுதினார், மோரிசனும் 1986ஆம் ஆண்டில் நாடகம் படைத்தார். 1950ஆம் ஆண்டில் பத்து வீட்டில் ஒன்றில்கூட இல்லாத தொலைக்காட்சி, 1960ஆம் ஆண்டில் பத்தில் ஒன்பது வீடுகளை எட்டிவிட்டது. உரிமைப் போராட்டத்தின் மீது ஏவப்பட்ட நாய்களையும் நீர்ப்பீரங்கிகளையும் நாடே பார்த்தது.

ஆனால் இளைஞர்களே, படங்கள் நம்மை விடுவிப்பவை மட்டும் அல்ல. நம்மைச் சிறை வைப்பவையும் ஆகும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர்களான தம்பதியர் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்லது என்று கேட்டனர். கறுப்பினக் குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே காட்டினர். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வும் கருத்திற் கொள்ளப்பட்டது. 1970ஆம் ஆண்டில் வெளியான மோரிசனின் முதல் நாவல் ‘தி புளூயஸ்ட் ஐ’ இவ்வுண்மையையே கதையாக்குகிறது. பெக்கோலா என்னும் கறுப்பினச் சிறுமி, திரைப்படக் குழந்தை நட்சத்திரத்தின் முகம் அச்சிட்ட கோப்பையில் ஓயாமல் பால் அருந்துகிறாள். தனக்கும் நீலநிறக் கண்கள் வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறாள். முடிவில் மனம் பேதலிக்கிறாள். அந்நாவல் பள்ளிப் பாடநூலை ஒத்த வரிகளோடு தொடங்குகிறது. அழகிய வீடு, சிரிக்கும் தாய், வலிமையான தந்தை, ஒரு நாய். டிக், ஜேன் என்னும் வெள்ளைக் குழந்தைகளைக் கொண்ட அப்பாடநூலை அமெரிக்கக் குழந்தைகள் பல தலைமுறை படித்தனர். 1965ஆம் ஆண்டில்தான் அதில் ஒரு கறுப்பினக் குடும்பம் இடம் பெற்றது. பாடநூலில் தன் வீட்டைக் காணாத பிள்ளை, குறை பாடநூலில் இருக்கிறது என்று எண்ணுவதில்லை. தன் வீட்டில்தான் குறை என்று எண்ணிக் கொள்கிறது. ஆசிரியப் பணியில் உள்ள நாம் நாள்தோறும் காணும் உண்மை இது.

இவ்வெழுத்தாளர்களிடையே ஒரு பெரும் விவாதமும் நடந்தது. அதனையும் நீங்கள் அறிதல் வேண்டும். 1949ஆம் ஆண்டில், 24 வயதே நிரம்பிய பால்ட்வின், தமக்கு உதவிய ரைட்டையே எதிர்த்துக் கட்டுரை எழுதினார். கொடுமையை மட்டுமே காட்டும் எதிர்ப்பு நாவல், மனிதனை அவன் பட்ட கொடுமையின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது என்பது அவர் வாதம். நட்பு முறிந்தது. இருவரில் யார் சரி? நம் கருத்தில், ரைட்டின் சினம் கதவை உடைத்தது. உடைந்த கதவின் வழியே பால்ட்வின் அன்பையும் ஐயத்தையும் குடும்பத்தையும் கொண்டு வந்தார். முதலில் வந்தவரை இகழாமலும், அவரோடு நின்றுவிடாமலும் மேற்செல்வதே வளர்ச்சி.

இவ்வரலாறு நமக்கு அயலானது அன்று. 1913ஆம் ஆண்டில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படியை அதில் கேட்டிருந்தார். டு பாய்ஸ் பரிவோடு விடையிறுத்தார். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பெயரைத் தழுவி, 1972ஆம் ஆண்டில் பம்பாயில் நாம்தேவ் தசால் முதலிய இளம் எழுத்தாளர்கள் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினர். நிறமும் சாதியும் ஒன்றல்ல. அவர்களின் வழியை அப்படியே படியெடுக்கவும் இயலாது. எனினும், அவமதிக்கப்பட்டவர் தாமே எழுத வேண்டும் என்னும் பாடம் இரு மக்களுக்கும் பொதுவானது.

இளைஞர்களே, நாம் உங்களிடம் வேண்டுவன மூன்று. ஒன்று: நூலகத்தில் உங்கள் பெயரில் உறுப்பினராகுங்கள், ரைட்டுக்குக் கிடைக்காத அந்த அட்டையை வீணாக்காதீர்கள். இரண்டு: உங்கள் பாட்டிமார் பாடும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பாடியவர் பெயரோடும் ஊரோடும் ஏட்டில் எழுதி வையுங்கள், எல்லிசனுக்கு ஜாஸ் கைகொடுத்தது போல் அவை நாளை உங்களில் ஒருவருக்குக் கைகொடுக்கும். மூன்று: திரைப்படமானாலும் பாடநூலானாலும், ‘இதில் நம் வீடு எங்கே?’ என்று கேட்டுப் பழகுங்கள். விடை கிடைக்கவில்லையெனில், அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு உங்கள் எழுதுகோலுக்கு உண்டு.