வருமான வரிக்கு ஒரு போன்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'வருமான வரித் துறைக்குப் போன் செய்வது எப்படி' என்று தலைப்பைச் சொன்னவுடன் நம் செயலாளர் முகம் சுருங்கிவிட்டது. "சார், சாப்பாட்டுக்கு முன்னாடி இது வேணுமா?" என்றார். ஒரு சர்க்கரை ஆலையின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்தவனுக்கு வேறென்ன பேசத் தெரியும்? பதினைந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். வடை ஆறாது.

இந்த நாட்டில் வருமான வரி 1860இல் வந்தது. ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். அன்று தொடங்கி வெகுகாலம் வரி ஆபீஸ் என்றால் ஒரு கட்டடம், ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர். நல்லவரோ கடுகடுப்பானவரோ, முகம் தெரியும். 2009இல் பெங்களூரில் சி.பி.சி. என்ற மையம் வந்த பிறகு கதை மாறியது. நீங்கள் கம்ப்யூட்டரில் அனுப்பும் ரிட்டர்னை அங்கே கம்ப்யூட்டரே பரிசீலிக்கிறது. நமக்கு வருவது ஒரு ஈமெயில். இதனால் லட்சக்கணக்கானோருக்கு ரீஃபண்டு விரைவாக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் கேட்பதற்கு அந்த மேஜை இல்லை. பலருக்கு மிச்சமிருக்கும் ஒரே மனிதக் குரல் தொலைபேசியில்தான் இருக்கிறது. அதையும் பயந்துகொண்டு நாம் தொடுவதில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நம் செட்டில் படித்த நண்பன் ஒருவன் 2024 மார்ச்சில் காலமானான். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவன், பென்ஷன் கிடையாது. டெபாசிட் வட்டிதான் வருமானம். அது வரி வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் படுக்கையில் விழுந்ததால் பிடித்தம் வேண்டாம் என்ற படிவத்தை வங்கியில் கொடுக்கவில்லை. இரண்டு கிளைகளிலும் சேர்த்து இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். அது முழுவதும் திரும்ப வரவேண்டிய பணம்.

இறந்தவருக்கு யார் ரிட்டர்ன் போடுவது? வாரிசுதான் போட வேண்டும். அதற்கு முதலில் வருமான வரி போர்ட்டலில் சட்டப்பூர்வ வாரிசு என்று பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இருவருடைய பான் கார்டு எல்லாம் தேவை. அந்தச் சகோதரி அத்தனையும் செய்தார். ரீஃபண்டும் வந்தது. பாதிதான் வந்தது.

அவர் தானாகவே உதவி எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் சொல்லச் சொல்ல, பதறி வைத்துவிட்டார். பிறகு எனக்குப் போன். "அண்ணா, அவர் ஏதாவது தப்பு பண்ணிட்டாரா? என்னைக் கேஸ் போடுவாங்களா?" என்று கேட்டார். பணம் போனதை விட, போன மனுஷன் மேல் பழி வருமோ என்ற கவலை அவருக்கு. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். மேஜை மீது பான் எண், ரிட்டர்ன் அனுப்பியதற்கான ஒப்புகை எண், சி.பி.சி. அனுப்பிய அறிவிப்பு, வங்கி கொடுத்த டி.டி.எஸ். சான்றுகள் எல்லாம் வரிசையாக வைத்தோம். ஸ்பீக்கரில் போட்டோம். அவர் பேசினார், நான் எழுதினேன். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார்.

"ஏன் பணம் வரல?" என்று கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் "பரிசீலனை முடிந்துவிட்டது" என்றுதான் பதில் வரும். நாங்கள் கேட்டது இரண்டே கேள்வி. எங்கே நிற்கிறது? அடுத்த வேலை யாருடையது?

அந்தப் பெண் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "அம்மா, ஒரு கிளை பிடித்த தொகை உங்க கணவர் பான் எண்ணில் பதிவாகவே இல்லை. அதை நாங்க இங்கிருந்து ஏற்ற முடியாது. பிடித்தவங்கதான் திருத்த அறிக்கை கொடுக்கணும். அது பதிவான பிறகு நீங்க திருத்தம் கோரி மனுப் போடுங்க."

இதுதான் விஷயம். அந்த ஒரு பதிலில் எங்களுக்குப் போகவேண்டிய வாசல் தெரிந்தது. வங்கிக் கிளைக்குக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கினோம். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறிப் பதிவாகியிருந்தது. அவர்கள் திருத்தினார்கள், நாங்கள் மனுப் போட்டோம், சில மாதத்தில் மீதிப் பணம் அந்தச் சகோதரியின் கணக்குக்கே வந்தது. "நர்ஸம்மாவுக்குப் பாக்கி இருந்ததுண்ணா, கொடுத்துட்டேன்" என்றார்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தொலைபேசியில் பேசுகிறவர் நம் கணக்கைத் தீர்த்துவைக்கும் அதிகாரி அல்ல. அவரிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள், வழி கேளுங்கள். வழி தெரிந்த பிறகு செய்யவேண்டியதை எழுத்தில் செய்யுங்கள். பேசிய தேதி, நேரம், புகார் எண் கொடுத்தால் அந்த எண், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். போனில் முடியாவிட்டால் அதே போர்ட்டலில் குறை தீர்க்கும் பகுதி இருக்கிறது. அங்கே எழுதும்போது இந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

நம் ஊரில் மட்டும்தான் காத்திருக்க வைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர்களுக்கு ஐ.ஆர்.எஸ். பற்றித் தெரியும். 2021ஆம் நிதியாண்டில் அங்கே வந்த அழைப்புகள் சுமார் 28 கோடியே 20 லட்சம். ஊழியர்கள் எடுத்துப் பேசியது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். நூற்றுக்குப் பதினொன்று. இதை வெளியிட்டது அந்தத் துறைக்குள்ளேயே இருக்கும் வரி செலுத்துவோர் நல அதிகாரியின் அறிக்கை. எனவே பொறுமை எங்கும் வேண்டும். கெடு நெருங்கும் ஜூலை கடைசி வாரத்தில் போன் போட்டுவிட்டு "எடுக்கவே மாட்டேங்கறான்" என்று திட்டாதீர்கள். அதற்கு முன்பே கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நீங்கள் அழைத்தால், நீங்கள்தான் என்று உறுதி செய்ய பான் எண், பிறந்த தேதி போன்றவற்றைக் கேட்பார்கள். அது நியாயம். ஆனால் யாரோ உங்களை அழைத்து, "ரீஃபண்டு வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க, கார்டு நம்பர் சொல்லுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். உதவி எண்ணைக் கண்ட இடத்தில் தேடாமல் துறையின் போர்ட்டலிலிருந்தே எடுங்கள். நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் அதில் டி.ஐ.என். என்ற ஆவண எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1.10.2019 முதல் இந்த எண் நடைமுறைக்கு வந்தது. அதைப் போர்ட்டலில் போட்டுப் பார்த்தாலே அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர வைத்த தேதி 1.4.2026. நாங்கள் மனப்பாடம் செய்த பிரிவு எண்களெல்லாம் பழங்கதை. கணக்குப் பிரிவில் நரைத்த நானே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் எழுபதைத் தொட்டுவிட்டோம். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். நம்மில் ஒருவர் போய்விட்டால், வீட்டில் இருப்பவர் தனியாக அந்த மெஷின் குரலோடு போராட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு செட்டிலும் கணக்குத் தெரிந்த ஒருவர் பெயரைச் சங்கம் குறித்து வைக்கட்டும். அவர் பணம் கொடுக்க வேண்டாம், ஆபீஸ் ஏற வேண்டாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரை ஆன் செய்து, பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டால் போதும். எங்கள் செட்டுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.