உதட்டைப் பிளந்தது கிரகணமா?

(ஆலங்குளம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



உதடு பிளந்த பிள்ளை பிறந்தால், கிரகணத்தன்று தாய் அரிவாள்மனையைத் தொட்டுவிட்டாள் என்கிறார்கள். சந்திரன்மீது பூமியின் நிழல் விழுந்தால் ஆலங்குளத்துப் பிள்ளையின் உதடு ஏன் அறுபடவேண்டும்? கிரகணத்தன்று வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தவளுக்கும் அப்படிப் பிறக்கிறதே! கருவில் 4 முதல் 7 வாரங்களுக்குள் ஒட்டவேண்டிய சதை ஒட்டாமற்போவதுதான் அந்தப் பிளவு. தாய்மீது பழி சுமத்துவது அக்கிரமம். 3 முதல் 6 மாதத்திற்குள் பெரும்பாலும் உதட்டைத் தைத்துவிடலாம். மதுரை அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது.

ஆனால், சாமியை விட்டுவிட்டு டாக்டரைச் சாமியாக்கிவிடாதீர்கள். தழும்பு மிஞ்சும், அன்னமும் பிளந்திருந்தால் மறு ஆப்பரேஷனும் பேச்சுப் பயிற்சியும் வேண்டிவரலாம். இவற்றைக் கேளாமல் கைநாட்டு வைப்பது என்ன பகுத்தறிவு? விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் பெறவேண்டும். உயிராபத்து இருந்தாலன்றி, ஓர் ஆப்பரேஷனுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டதே என்று 1995-இலேயே தீர்ப்பாயிற்று. 2 வருஷத்திற்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்கிடலாம்.

நினைத்த அழகு வரவில்லை என்பதாலேயே டாக்டர் குற்றவாளியாகிவிடமாட்டார். தக்க கவனத்தோடு செய்தாரா என்பதுதான் கேள்வி. அதை ருசுப்படுத்தக் காகிதம் வேண்டும். ஆகவே முன்னதாகக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள், சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். தலைவிதி என்று அழுது உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தக் கோர்ட்டும் தேடிவந்து நியாயம் வழங்காது.