உடலே சாட்சி



கிணற்று நீரைச் சோதிக்கின்றோம். வயல் மண்ணைச் சோதிக்கின்றோம். நன்று. ஆயினும், நஞ்சில் எவ்வளவு நம் உடலினுள் புகுந்தது என்பதைக் குருதியும் சிறுநீருமே சொல்ல வல்லன.

களைநாசினியான கிளைபோசேற்றையும், மலேரியாவை ஒழிக்க 1940களிலிருந்து இத்தீவின் வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்ட டி.டி.ரி.யையும், பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015இல் வகைப்படுத்தியது.

இவ்விரண்டும் விட்டுச்செல்லும் அடையாளங்கள் வேறு வேறு. உடலிற் சேர்ந்த கிளைபோசேற்று இரண்டொரு நாளிற் பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும். பிந்திச் சோதித்தால் சாட்சி மறைந்துபோம். டி.டி.ரி.யின் எச்சமோ உடற்கொழுப்பிற் பல்லாண்டு தங்கும். அதனைக் குருதியிற் காணலாம்.

அடையாளம் கண்டவுடன் நோய் வந்துவிட்டதென்று எவரும் அஞ்சவேண்டா. உடலிற் சேர்ந்த நஞ்சின் அளவையே அது காட்டும். அளவு தெரிந்தால் காப்பும் தெரியும்.

ஆகவே நாம் கேட்பது இது: இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகியவற்றின் கீழ்க் கமஞ்செய்வோரின் சிறுநீரை, மருந்தடிக்குமுன் ஒருமுறையும் அடித்த மறுநாள் ஒருமுறையும் சுகாதார அமைச்சு சோதிக்கவேண்டும். முடிவு தமிழில் எழுதப்பட்டு, அவரவர் கையிற் சேரவேண்டும்.

நம் பங்கும் உண்டு. எந்நாளில், எம்மருந்தை, எவ்வளவு அடித்தோம் என்பதைக் கொப்பியில் எழுதிவைப்போம். அக்குறிப்பின்றி வைத்தியருக்கும் ஆய்வுகூடத்துக்கும் வழி தெரியாது.

நோய் வந்தபின் காரணம் தேடி அலைவதினும், நஞ்சு புகும்போதே அளந்தறிவது மேல்!