முதலில் கை, பிறகு உணவு



தொழுகைக்கூடத் தலைவரான யாயிர் ஊரில் மதிப்புள்ளவர். அவர் பெருங்கூட்டத்தின் நடுவே இயேசுவின் காலில் விழுந்து, தம் மகள் சாகும் நிலையில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னதாக மாற்கு நற்செய்தி 5ஆம் பிரிவில் வாசிக்கிறோம். வீட்டுக் கவலை வீட்டோடு இருக்கட்டும் என்று அவர் மறைக்கவில்லை.

நாம் மறைக்கிற நோய்களுள் ஒன்று உணவுக் கோளாறு. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உடல் வற்றும்வரை உணவைக் குறைப்பது அனோரெக்ஸியா. அளவின்றி உண்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் வாந்தியெடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்ட முயல்வது புலிமியா. இவை வீம்பு அல்ல, நோய்கள். ஆண்பிள்ளைகளுக்கும் வரும். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் அனோரெக்ஸியாவால் இதயம் பாதிக்கப்பட்டு, 1983 பிப்ரவரி 4 அன்று தம் 32ஆம் வயதில் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் மருத்துவமனையில் அவரது எடை கூடியிருந்தது. எடை ஏறியதும் நோய் தீர்ந்தது என்று நாம் இருந்துவிட முடியாது.

யாயிரின் மகளுக்கு வயது 12. அவளுக்கு வந்த நோய் வேறு. ஆனால் அந்த வீட்டில் இயேசு செய்தவற்றின் வரிசையைக் கவனிப்போம். அழுது புலம்பிய கூட்டத்தை வெளியே அனுப்பினார். பெற்றோரையும் தம்முடன் இருந்தவர்களையும் மட்டும் அழைத்துச் சென்றார். சிறுமியின் கையைப் பிடித்தார், பேசினார். அவள் எழுந்து நடந்த பிறகே உணவு கொடுக்கச் சொன்னார்.

நாமோ தட்டிலிருந்து தொடங்குகிறோம். “ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்கே?” என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னும் கேட்கிறோம். சற்றுச் சதை போட்டால் அதையும் சொல்லிச் சிரிக்கிறோம். அன்பினால் கேட்டாலும், அந்தப் பிள்ளை இன்னும் மறைக்கவே கற்றுக்கொள்ளும்.

சாப்பாட்டு வேளை அல்லாத ஒரு நேரத்தில், தனியே அமர்வோம். எடையைப் பற்றி அல்ல, நாம் கண்டதைப் பற்றிப் பேசுவோம்: “கொஞ்ச நாளா நீ எங்களோட உட்கார்ந்து சாப்பிடறதில்லை. எங்களுக்குக் கவலையா இருக்கும்மா. என்னன்னு சொல்றியா?” பிறகு குறுக்கிடாமல் கேட்போம். மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் உடன் செல்வோம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் நாள் கடத்த வேண்டாம்.

தவக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. திருச்சபையின் நோன்புச் சட்டம் 18 வயது நிறைந்தவர்களுக்கே உரியது. நோயுற்றோரை அது கட்டாயப்படுத்துவதில்லை. இந்நோயுள்ளவருக்கு, மருத்துவர் சொன்ன உணவை நேரத்துக்கு உண்பதே கடினமான ஒறுத்தல்.

நலமடைந்துவரும் இளையோரே, நம்பும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். “சாப்பிடும்போது என் தட்டைப் பார்க்காதீங்க, வேற ஏதாவது பேசுங்க” என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. குணமடைய மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். நடுவே ஒரு நாள் சறுக்கினால் அது தோல்வி அல்ல. மறுநாளும் உங்களோடு பந்தியில் அமர நாங்கள் இருக்கிறோம்.

நம் இல்லங்களில் வாய்திறக்க முடியாமல் தவிப்போருக்காக மன்றாடுவோம். அவர்கள் பேசும்போது பொறுமையோடு கேட்கும் உள்ளத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.